பதில்: மூடிய சுரங்க நிலத்தில் சோலார், அடமானம் இல்லாமல் கடன்

வணக்கம். சத்தீஸ்கரில் மூடிய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் 10 மெகாவாட் சோலார் போட குத்தகை கிடைத்தும், நிலத்தை அடமானம் வைக்க முடியாததால் வங்கி கைவிரித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

குத்தகை கிடைத்தாலும் நிலத்தின் உரிமை உங்கள் கைக்கு வராது. 1957ஆம் ஆண்டு நிலக்கரி நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின்கீழ் எடுத்த நிலங்களைச் சூரியமின் திட்டங்களுக்கும் தரலாம் என்று 2022 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, ஆனால் உரிமை அரசு நிலக்கரி நிறுவனத்திடமே இருக்கும். ஆகவே அடமானத்துக்காக மல்லுக்கட்டாதீர்கள். குத்தகை உரிமை, மின்விற்பனை ஒப்பந்த வருமானம், தகடுகளும் இயந்திரங்களும், திட்ட நிறுவனத்தில் உங்கள் பங்குகள், இவற்றையே ஈடாகக் காட்டுங்கள். வருமானம் எஸ்க்ரோ கணக்கில் விழட்டும், அதாவது கடன் தவணை போன்றவை ஒப்பந்தப்படி முதலில் எடுக்கப்படும் தனிக் கணக்கில். குத்தகைப் பத்திரத்தில் ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும்: தவணை தவறினால் வங்கி வேறொருவரை உங்கள் இடத்தில் அமர்த்தலாம் என்பது. அதற்கு நிலக்கரி நிறுவனம், வங்கி, நீங்கள் என மூவரும் கையெழுத்திட வேண்டும். என் அனுபவத்தில் வங்கியின் பாதித் தயக்கம் இதிலேயே கரைந்துவிடும். குத்தகைக் காலம் மின்விற்பனை ஒப்பந்தத்தைவிட ஓரிரு ஆண்டாவது நீளட்டும்.

அப்புறம் மண். உங்கள் இடம் ஓபி மேடு என்றால், அது நிலக்கரிக்கு மேலிருந்ததைத் தோண்டிக் கொட்டிய மண், பல வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரே சீராக இல்லை. தூண் பிடுங்கு சோதனையும் (தகடுகளைத் தாங்கும் தூண் மண்ணில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று இழுத்துப் பார்ப்பது) அமுங்கல் அளவீடும் இல்லாமல் வங்கியின் பொறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். அடியில் பழைய சுரங்கப்பாதை இருந்தால் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சுரங்கம் மூடும் பொறுப்பு பழைய நிறுவனத்துடையதே என்றும் எழுதி வாங்குங்கள். இவை கையில் இருந்தால், சாதாரண வங்கியை விட்டு முதலில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்களுக்குக் கடன் தரும் மத்திய அரசு நிறுவனமான ஐரெடாவை (IREDA) அணுகுங்கள்.