சந்தனமா, சாம்பலா? உள்சுவர் நிறம் பற்றிச் சில கேள்விகள்

இருபது வருடமாகப் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். ஹாலுக்கு வெளிர் சந்தனம் அடிப்பதா, வெளிர் சாம்பலா என்று பலர் கேட்டிருந்தீர்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஹாலுக்கு வடக்குப் பக்கம் ஒரே ஜன்னல். சாம்பல் அடிக்கலாமா?

பதில்: வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது. வருவது வானத்து வெளிச்சம், அதில் நீலம் கலந்திருக்கும். சாம்பல் அங்கே மழைநாள் மத்தியானம் போல மங்கிவிடும். சந்தனம்தான் என் யோசனை. பெயிண்ட் கடை ஷேட் கார்டில் எல்ஆர்வி (LRV) எண் இருந்தால் பாருங்கள், சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்ற கணக்கு அது. 0 கறுப்பு, 100 வெள்ளை. உங்கள் ஹாலுக்கு 70க்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

கேள்வி: கடையில் சாம்பலாக இருந்தது, வீட்டில் ஊதாவாகத் தெரிகிறதே? பழைய வீடு, ரெட் ஆக்சைடு தரை.

பதில்: பெயிண்டில் தப்பில்லை, தரைதான் காரணம். வெயில் சிவப்புத் தரையில் பட்டுச் சுவரில் ஏறுகிறது. நீலம் ஓடும் சாம்பல்மேல் அந்தச் சிவப்பு விழுந்தால் ஊதாச் சாயல் வரும். வெயில் விழும் இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பாருங்கள், ஊதா குறைவது கண்ணுக்கே தெரியும். அந்தத் தரைக்குச் சந்தனம் அவ்வளவு பாந்தமாக இருக்கும்!

கேள்வி: எங்கள் சந்தனம் ராத்திரியில் ரொம்ப மஞ்சளடிக்கிறது.

பதில்: மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பாக இருக்கும். முதலில் மஞ்சள் குறைந்த 4000 கெல்வின் பல்பு போட்டுப் பாருங்கள், பெயிண்டை அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: இப்போது சுவர் பச்சை. அதன் மேலேயே இரண்டு சாம்பிளும் அடித்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பச்சைக்கு நடுவில் சாம்பல் ரோஸாகத் தெரியும். இரண்டு வெள்ளைச் சார்ட் அட்டை வாங்கி, ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடியுங்கள். எமல்ஷன் காய்ந்தால் நிறம் கொஞ்சம் கூடும், அதனால் ஒரு நாள் பொறுங்கள். பிறகு சுவரில் ஒட்டி, காலையிலும் மத்தியானத்திலும் லைட் போட்ட பிறகும் பாருங்கள்.

கேள்வி: சந்தனம் என்று முடிவாகிவிட்டது. தேவைப்படும்போது டப்பா டப்பாவாக வாங்கலாமா?

பதில்: மொத்தமும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ஒரு வீட்டில் பாதிச் சுவரில் பெயிண்ட் தீர்ந்து, வேறு கடையில் அதே ஷேட் நம்பரைக் கலக்கி வாங்கி அடித்தேன். மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் நடுவே கோடு கிழித்த மாதிரி இரண்டும் பிரிந்து நின்றன. அந்தச் சுவர் முழுவதையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் எல்லா டப்பாவையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலந்த பிறகுதான் ரோலரை நனைக்கிறேன்.