சட்டத்துல ஒரே சம்பளம், வயல்ல ரெண்டு கூலி: எங்கட கணக்குக் கொப்பி சொன்ன கதை

"இலங்கைச் சட்டத்துல ஆண் பெண் வித்தியாசம் இல்லத்தானே, பிறகு ஏன் பொம்பிளைகளுக்கு குறைஞ்ச சம்பளம் குடுக்கிறாங்க, உங்கட ஊர்ல எப்பிடி?" எண்டு கேட்டிருக்கிறீங்க. நான் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம், இப்ப டவுன்ல கணக்குப் பிரிவுல வேலை. ஆனா இந்தக் கேள்விக்கு நான் ஒபிஸ்ல இருந்து தொடங்க ஏலாது, அப்பாட கணக்குக் கொப்பில இருந்துதான் தொடங்கணும், ஏனெண்டா அந்தக் கொப்பில குறைச்சு எழுதினதே நான்தான்.

எங்களுக்கு அஞ்சு ஏக்கர் வயல். நான் எட்டாம் ஆண்டு படிக்கக்குள்ள, 2011 சனவரி வெள்ளம் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறதுக்கு முந்தின மாதங்கள், அப்பா சனி ஞாயிறுல என்ன வட்டைக்கு (வயல்வெளிக்கு) கூட்டிட்டுப் போய் வாடிக்குள்ள இருத்தி "புள்ள நீ பேரை எழுதி காச எண்ணிக் குடு" எண்டு விட்டிருவார். ஒரு பக்கம் ஆம்பிளையள், வரம்பு கட்ட, பசளை எறிய வந்தவங்க, தலைக்கு 600. மத்தப் பக்கம் புல்லுப் புடுங்க வந்த பொம்பிளையள், தலைக்கு 400. ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்கு கரையேறினவங்க, ஒரே வாளியில தேத்தண்ணி குடிச்சவங்க. ஒரு நாள் நான் "அப்பா இவங்களுக்கு ஏன் 400?" எண்டு கேட்டன், அவர் கோவிக்கவும் இல்ல யோசிக்கவும் இல்ல, "அது லேசான வேலதானே" எண்டார். பக்கத்துக் கண்டத்துக்காரரும் அதைத்தான் சொல்லுவார், ஊர் முழுக்க அதைத்தான் சொல்லும், அந்தப் பொம்பிளையளும் அதைத்தான் சொல்லுவாங்க, அதுதான் எனக்கு இண்டைக்கும் ஆறாத விசயம்.

லேசான வேலை எண்டா என்னண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா ஒருக்கா ஆசைக்கு நானும் இறங்கிப் புடுங்கினன். அரை மணித்தியாலத்துல ஒரு பிடி அள்ளிட்டு பெருமையா வந்து காட்ட, எங்கட மாமி ஒராள் (சொந்தம் இல்ல, ஊர் முறைக்கு மாமி) பார்த்திட்டு சிரிச்சாங்க பாருங்க, "ஐயோ புள்ள, பாதி நெல்லுகா!" எண்டு. நெற்சப்பி எண்ட களைப்புல்லு சின்னதுல அப்பிடியே நெல்லு மாதிரித்தான் இரிக்கும். மாமி ஒரு செடிய எடுத்து இலையும் தண்டும் சேர்ற மூட்டுல நகத்தால விரிச்சுக் காட்டினாங்க, நெல்லுக்கு அந்த இடத்துல வெள்ளையா ஒரு சின்ன நாக்கு மாதிரி சவ்வு இரிக்கும், நெற்சப்பிக்கு அது இல்ல, மொட்டையா இரிக்கும். இத அவங்க ஒவ்வொண்டா விரிச்சுப் பார்க்கிறதும் இல்ல, குனிஞ்ச குனியில, அட்டை கடிக்க கடிக்க, கை தன்பாட்டுக்கு பிரிச்சு எடுக்கும். அது கண்ணுக்கும் விரலுக்கும் பல வருசத்துல ஏறின படிப்பு. பசளை எறியுறதுக்கு இவ்வளவு தெரியத் தேவையில்ல, ஆனா அது "ஆம்பிள வேலை", 600.

மறுகா வளர்ந்த பிறகு இங்கிலாந்துக் கதை ஒண்டு வாசிச்சன், அப்பிடியே எங்கட வட்டைதான். 1968ல டகன்ஹாம்ல இருந்த ஃபோர்ட் கார் ஃபெக்டரில சீற்றுக்கு உறை தைக்கிற பொம்பிளையள் வேலைநிறுத்தம் செய்தாங்க. அவங்கட தையல் வேலைய திறமை குறைஞ்ச வேலை எண்டு கீழ் வகுப்புல போட்டிருந்தாங்க, அதுக்கு மேல பொம்பிளையள் எண்டதால அந்த வகுப்பு ஆம்பிளைட சம்பளத்துல 85 வீதம்தான். ஸ்ட்ரைக் முடியக்குள்ள 92 வீதம் ஆச்சு, அந்த அசைவுலதான் 1970ல அங்க சம சம்பளச் சட்டம் வந்திச்சு. ஆனா பாருங்க, தையல் திறமையான வேலைதான் எண்டு வகுப்ப மாத்திக் குடுக்க 1984 ஆச்சு, அதுக்கு இன்னொரு ஸ்ட்ரைக் தேவைப்பட்டிச்சு. காசக் கூட்டுறது சுகம், "உண்ட வேலை லேசானது இல்ல" எண்டு ஒத்துக்கிறதுதான் கஷ்டம்.

அதே 1984லதான் எங்கட மலையகத் தோட்டங்கள்லயும் ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் நாட்சம்பளம் ஒண்டாச்சு. அதுக்கு முதல் கொழுந்து எடுக்கிற கைக்கு குறைவு, தோட்டமே அந்தக் கையிலதான் ஓடினது எண்டாலும்.

இப்ப சட்டத்துக்கு வாறன். நீங்க சொன்னது சரி, சட்டம் இரிக்கு. அரசியலமைப்புல 12(2)ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டக்கூடாது எண்டு சொல்லுது. ஐஎல்ஓ எண்ட சர்வதேச தொழில் அமைப்புட 100ஆம் இலக்க சமஊதிய உடன்படிக்கைய இலங்கை 1993ல ஏற்றுக்கிட்டிச்சு, அதுல இரிக்கிறது "ஒரே வேலை" இல்ல, "சம பெறுமதியுள்ள வேலை", அதாவது புல்லுப் புடுங்குறதையும் வரம்பு கட்டுறதையும் பக்கத்துல வச்சு நிறுத்துப் பார்க்கச் சொல்லுது. ஆனா அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கம் செய்யுற காரியத்துக்கு எதிராத்தான் போடலாம், எங்கட அப்பாக்கு எதிரா ஆர் உயர்நீதிமன்றம் போற? குறைந்தபட்ச சம்பளச் சட்டம் 2016ல வந்திச்சு, அப்ப நாளைக்கு 400, இப்ப 2026ல இருந்து மாசம் 30,000, நாளைக்கு 1,200. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒண்டுதான், நல்ல விசயம்தான். ஆனா அது தரை. பொம்பிளையள தரையில நிப்பாட்டி வச்சிட்டு ஆம்பிளைக்கு அதுக்கு மேல ஆயிரம் கூட்டிக் குடுத்தா அந்தச் சட்டத்துல ஒரு ஓட்டையும் விழாது.

ஒபிஸ்ல நல்லா இரிக்கும் எண்டு நினைக்காதீங்க. நான் முதல் வேலை செஞ்ச இடத்துல (பேர் வேணாம்) சம்பளப் பட்டியல் டைப் பண்ணினதே நான், அதாலதான் தெரிய வந்திச்சு, எனக்கு ஆறு மாசம் பிந்திச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு, அதே டிப்ளோமா, அதே மேசை, அடிப்படைச் சம்பளமும் அச்சு ஒண்டா இரிக்கு, ஆனா கீழ "களப்படி" எண்டு ஒரு லைன்ல 6,000. களத்துக்கு அவர் போனது வருசத்துல ரெண்டு தரம். கேட்டன். மனேஜர் சேர் சிரிச்சிட்டு "அவர் குடும்பகாரன் தங்கச்சி, உங்களுக்கு என்ன செலவு?" எண்டார். எங்கட வீட்டுல அந்த வருசம் வெள்ளாமை சரியில்ல, என்ட சம்பளத்துலதான் என்ட கூடப்பிறந்த தம்பி கம்பஸ் போனவன். இத நான் சொன்னன், சொன்னதுக்கும் களப்படி வரல்ல. பிந்தி பொம்பிளையள் மூண்டு பேரும் ஒண்டாச் சேர்ந்து கையெழுத்து வச்சு கேட்ட பிறகு எல்லாருக்கும் 3,000 எண்டு பிரிச்சு விட்டாங்க, களப்படி எடுத்த அந்த ஒபிஸ் தம்பி எங்களோட கதைக்காம விட்டுட்டார், அது வேற கதை.

இதுக்குத்தான் சம்பளத்த ஒளிக்காம வெளியில வைக்கிற சட்டங்கள் முக்கியம் எண்டு நான் நினைக்கிறன். இங்கிலாந்துல 250 பேரும் அதுக்கு மேலயும் இரிக்கிற கொம்பனியள் 2017ல இருந்து வருசா வருசம் ஆண் பெண் சம்பள இடைவெளிய வெளியிடணும். ஐஸ்லாந்து இன்னும் ஒரு படி மேல போச்சு, 25 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யுற இடம் தாங்க சமமாத்தான் குடுக்கிறம் எண்டு நிரூபிச்சு சான்றிதழ் எடுக்கணும் எண்டு 2018ல ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திச்சு. பொம்பிளை போய் முறையிடுறத விட்டுட்டு, முதலாளிதான் காட்டணும் எண்டதுதான் அந்தச் சட்டத்துட யோசனை. எங்கட சம்பளத்துண்டுல அடிப்படைச் சம்பளம் சமனா இரிக்கும், படியிலதான் களவு நடக்கும், அதக் கண்டுபிடிக்க நான் மாதிரி ஆராவது டைப் பண்ணணும்.

இன்னொண்டு, பிரசவ லீவு 84 நாள், அந்தச் சம்பளத்த முதலாளிதான் குடுக்கணும், அதால இன்டர்வியூல "கலியாணம் எப்ப?" எண்டு முதல் கேள்வியே வருது. 2023ல பொருளாதார நோபல் எடுத்த குளோடியா கோல்டின் காட்டினதும் கிட்டத்தட்ட இந்த இடம்தான், பணக்கார நாடுகள்ல இப்ப மிச்சமிரிக்கிற இடைவெளில பெரும்பங்கு முதல் புள்ள பிறந்த பிறகு விழுறது.

சரி, வட்டைல இப்ப என்ன நடக்குது? சட்டத்தால இல்ல, ஏக்கர் கணக்கால ஒரு மாற்றம் வந்திச்சு. ரெண்டு மூண்டு வருசத்துக்கு முதல் ஆம்பிளைக்கு நாட்கூலி 2,500, பொம்பிளைக்கு 1,500. எங்கட ஊர்ப் பொம்பிளையள் எட்டுப் பேர் சேர்ந்து வந்து "நாட்கூலி வேணாம், கொந்தராத்துக்குத் தாங்க, ஏக்கருக்கு 18,000" எண்டாங்க. அப்பா மனசுக்குள்ள கணக்குப் பார்த்தார், முந்தி ஒரு ஏக்கருக்கு பன்னிரண்டு ஆள் கூலி போகும், அதுவும் அதே 18,000தான், சரியெண்டிட்டார். எட்டுப் பேரும் காலைல இறங்கி பின்னேரம் முடிச்சிட்டாங்க. தலைக்கு 2,250. ஆம்பிளைட கூலிக்கு 250 ரூபா கிட்டடி வந்திட்டாங்க, அப்பாக்கு ஒரு சதமும் கூடல்ல. அதாவது அந்த ஆயிரம் ரூபா வித்தியாசம் வேலையில ஒரு நாளும் இருந்ததில்ல, நான் எழுதின கொப்பிலதான் இருந்திச்சு.

ஆனா இதையும் சொல்லணும். கொந்தராத்துக்கு வேகம் வேணும், வயசு போனவங்கள செட்டுல சேர்க்க மாட்டாங்க. எனக்கு நெற்சப்பி காட்டித் தந்த மாமி இப்ப வீட்டுல இரிக்காங்க, முழங்கால் வருத்தம், "என்ன ஆரு புள்ள கூப்பிடுற" எண்டு போன கிழமையும் சொன்னாங்க.

போன மாரி வெள்ளாமைக்கு மழை புடிச்சு புல்லும் குறைவு, அப்பா கொந்தராத்துக் காச மிச்சம் புடிக்கலாம் எண்டு செட்டுக்காரி அக்காக்கு போன் அடிச்சு "இந்த முறை நாட்கூலிக்கு வாங்களன்" எண்டார். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கதைச்சவர், நானும் பக்கத்துல. அவ ஒரு செக்கன் யோசிக்கல்ல, "வாறம் போடியார், ஆம்பிளக் கூலி எண்டா விடியவே வாறம்" எண்டா. அப்பா போன வச்சிட்டு என்னப் பார்த்தார், நான் கொப்பியப் பார்த்தன். அடுத்த நாள் ஏக்கர் கணக்குலதான் இறங்கினாங்க.