அபராதமும் ஃபைன், நலமும் ஃபைன்: எப்படி?

கேள்வி: “‘ஐ ஆம் ஃபைன்’ என்றால் நலம். ‘ஃபைன் கட்டு’ என்றால் அபராதம். பொடி நைசாக இருந்தாலும் ஃபைன்தான். எல்லாம் ஒரே சொல்லா என்று மகள் கேட்கிறாள். மொழிபெயர்க்கும்போது எது எந்தப் பொருள் என்று எப்படிப் பிரிப்பது?”

மகளின் சந்தேகம் சரியானது. வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘ஃபீனிஸ்’ என்றால் முடிவு, எல்லை. நம்முடைய ‘தீர்’ என்ற வினையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கிவிடும். வழக்கு தீர்ந்தால் தீர்ப்பு. கட்டித் தீர்க்க வேண்டிய வரி தீர்வை. ‘தீர விசாரி’ என்றால் மிச்சம் வைக்காமல் விசாரி. ஃபீனிஸும் ஏறக்குறைய இதே வழிகளில்தான் கிளை பிரிந்தது.

முதலில் பணம். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு சச்சரவை முடித்துவைக்கும் உடன்பாட்டுக்கே ஃபைன் என்று பெயர். நிலத்தைக் கைமாற்றப் பெயருக்கு ஒரு வழக்குப் போட்டு, நீதிமன்றத்திலேயே சமரசம் செய்துகொள்வார்கள். 1195 முதல் அந்த உடன்பாட்டை ஒரே தோலில் மூன்று முறை எழுதினார்கள்: மேலே அருகருகே இரண்டு, அடியில் குறுக்கே ஒன்று. பிறகு நெளிநெளியாக வெட்டி, மேல் துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, அடித்துண்டை நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். நாளை யாராவது போலிப் பத்திரத்தோடு வந்தால் வெட்டு பொருந்தாது, மாட்டிக்கொள்வார். இந்த அடித்துண்டுகளுக்கு ‘ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ்’, அதாவது ஃபைன்களின் பாதங்கள் என்று பெயர். இந்த முறையை 1833-இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

விவகாரத்தை முடிக்கக் கொடுத்த தொகைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பேசித் தீர்த்த பணம் போகப் போகத் தண்டப் பணமாகிவிட்டது. ஃபைனான்ஸும் இந்தக் குடும்பம்தான்; பழைய பிரெஞ்சில் அது கடனை அடைத்து முடிப்பதைக் குறித்தது.

நல்லது என்ற பொருள் ‘எல்லை’யிலிருந்து வந்தது. இதற்கு மேல் மெருகேற்ற இடமில்லை என்ற நிலைக்கு வந்த பொருள் ஃபைன். கலப்படத்தை நீக்கி நீக்கிக் கடைசியில் நிற்கும் தங்கம் ஃபைன் கோல்டு. ரிஃபைனரி என்ற பெயரும் அப்படித்தான். 22 காரட் நகையில் 916 என்று பொறிப்பது அதன் ‘ஃபைன்னெஸ்’: ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். சுத்தத்திலிருந்து நுண்மை: மெல்லிய நூல், கூரான முனை, சன்னமான பொடி. (பொடிக்கு அவர்கள் ஃபைன் என்கிறார்கள், நாம் நைஸ் என்கிறோம். இரண்டுமே ஆங்கிலம் என்பதுதான் வேடிக்கை.) நலம் என்பது இந்த ‘உயர்ந்தது’ நீர்த்துப்போன வடிவம்.

இனி மொழிபெயர்ப்பு. முன்னால் ஆங்கிலத்தின் ‘எ’ (a) வந்து, பின்னால் பெயர்ச்சொல் எதுவும் தொடராமல் நின்றால் அபராதம். பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் அந்தப் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்: மணல் என்றால் பொடி, கலை என்றால் நுண்மை, மனிதர் என்றால் அருமையானவர். ‘ஃபைன் பிரிண்ட்’ என்பது ஒப்பந்தத்தின் அடியில் கண்ணுக்கு எட்டாமல் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் நிபந்தனை.

அதிகம் சறுக்குவது பேச்சில்தான். “இன்னும் கொஞ்சம் காபி?” என்றதற்கு “ஐ ஆம் ஃபைன்” என்று பதில் வந்தால், “நான் நலமாக இருக்கிறேன்” என்று எழுதிவிடாதீர்கள். “போதும்” என்கிறார். வாக்குவாதத்தின் நடுவே ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல் விழுந்தால், அது சம்மதமே இல்லை; “சரி, என்னமோ செய்” என்ற எரிச்சல்.

மீனின் துடுப்பான ‘ஃபின்’னும், தேடிக் காண்பதான ‘ஃபைண்ட்’டும் இந்தக் குடும்பத்தில் சேராது. ஆனால் மகள் பியானோ கற்றால் இசைத்தாளில் ஃபைனின் இதே எழுத்துக்களை (fine) பார்ப்பாள். அதை இத்தாலிய முறையில் ‘ஃபீனே’ என்று படிக்க வேண்டும். வாசிப்பு அந்த இடத்தோடு முடிகிறது என்று பொருள்.