மாங்கோ, மாங்கா: எது பழம், எது பிடி?

வணக்கம். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி அலுவலகத்தில் பணிபுரியும் நீங்கள், ஸ்பானியக் கடிதமொன்றில் ‘எல் மாங்கோ’ என்பது கத்தியோடு சேர்ந்து வந்ததையும், பயிற்சிச் செயலி ‘எல் மாங்கா’, ‘லா மாங்கா’ இரண்டையுமே சரியென ஏற்றதையும் கண்டு குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். செயலியில் பிழையில்லை.

ஸ்பானியத்தில் பெயர்ச்சொல்லின் முன் வரும் ‘எல்’ ஆண்பாலையும் ‘லா’ பெண்பாலையும் காட்டும். ஆண்பாலான ‘எல் மாங்கோ’ மாம்பழத்தையும் குறிக்கும், கைப்பிடியையும் குறிக்கும். ஆனால் இவை பிறப்பால் வெவ்வேறு சொற்கள். பழத்தின் பெயர், நம் ‘மாங்காய்’ போர்த்துகீசியர் வாயில் ‘மாங்கா’வாகி, அவ்வழியே பிற ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவியதன் விளைவு (வீட்டுச் சொல்லை வெளிநாட்டில் படிக்கிறீர்கள் என்றே கொள்ளலாம்), பிடியோ, கையைக் குறிக்கும் ‘மானுஸ்’ என்ற லத்தீன் சொல்வழி வந்தது. ஆகவே ‘எல் மாங்கோ டெல் குச்சில்லோ’ என்றால் கத்தியின் பிடிதான். அது பெங்களூரா வகை மாம்பழம் நறுக்கும் கத்தியாகவே இருந்தாலும் அத்தொடரில் பழம் இல்லை.

‘லா மாங்கா’ பெண்பால், சட்டையின் கை. அதுவும் அந்த லத்தீன் வேரிலிருந்து வந்ததே. லத்தீன் அமெரிக்காவின் சில பகுதிகளில் ஒரு மாவகைக்கும் இப்பெயர் உண்டு என்பதால், அங்கிருந்து வரும் கடிதங்களில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. ‘எல் மாங்கா’ ஜப்பானியப் படக்கதை. உங்கள் அலுவலுக்கு அது வேண்டியதில்லை.

தருமபுரியில் ஆசிரியரின்றிப் பயிலும் நான், எச்சொல்லையும் தனியே எழுதுவதில்லை. குறிப்பேட்டில் ‘எல் மாங்கோ மதுரோ’ (பழுத்த மாம்பழம்), ‘லா மாங்கா லார்கா’ (முழுக்கை) என்று அடைமொழியோடு எழுதிக்கொள்கிறேன். அடைமொழியின் ஈற்றிலுள்ள ஓகாரமும் ஆகாரமுமே பாலைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.