வெள்ளை வேட்டி ஏன் சாம்பலாக விழுகிறது?

கேள்வி: விலை குறைந்த கேமரா ஒன்றும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறேன். கோயிலின் வெளிப்பிரகாரத்தில் அப்பாவைப் படம் எடுத்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் கருங்கல் தூண்கள். கிட்டே நின்று எடுத்த படத்தில் வேட்டி சாம்பல் பூத்து, முகம் கருத்துவிட்டது. தள்ளி நின்று எடுத்ததில் வேட்டி ஒரு மடிப்புகூடத் தெரியாமல் வெறும் வெள்ளைப் பட்டையாக விழுந்திருக்கிறது. கணினியில் முகத்தை வெளிச்சமாக்கினால் படமெங்கும் புள்ளி புள்ளியாக வருகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளுக்கும் வேர் ஒன்றுதான். அது கேமராவின் விலையோடு தொடர்பில்லாதது.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு வேட்டியும் தெரியாது, கருங்கல்லும் தெரியாது. தன்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். எதிரே இருப்பது எதுவாக இருந்தாலும், சராசரியில் அது ஒரு நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. படும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பைத்தான் புகைப்படக்காரர்கள் நெடுங்காலமாக நடுச்சாம்பல் என்று சொல்லி வருகிறார்கள். மரம், தெரு, வீடு, ஆட்கள் எல்லாம் கலந்த சாதாரணக் காட்சியில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்துவிடும். வெள்ளையோ கறுப்போ படத்தை நிறைக்கும்போதுதான் பிசகுகிறது.

இப்போது உங்கள் முதல் படம். சட்டகத்தில் பெரும்பகுதி வேட்டியும் சட்டையும். வெளுத்த துணி எண்பது சதவீத ஒளியையாவது திருப்பி அனுப்பும். அதைக் கண்ட கேமரா வெளிச்சம் மிதமிஞ்சி இருப்பதாக நினைத்து அளவைக் குறைக்கிறது. வேட்டி சாம்பலாகிறது, கூடவே முகமும் இருளுக்குள் போகிறது. இரண்டாவது படத்தில் அப்பா சிறியவராக நிற்கிறார், சுற்றிலும் கருங்கல். கேமரா இருட்டு என்று முடிவுகட்டி ஒளியைக் கூட்டுகிறது. தூண் வெளிறுகிறது, வேட்டி மடிப்பு தெரியாதபடி வெளுத்து எரிந்துபோகிறது. இன்றைய கேமராக்கள் காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன, முகத்தையும் அடையாளம் காண்கின்றன. பிசகின் அளவு அதனால் குறைந்திருக்கிறதே ஒழிய, பிசகு ஒழியவில்லை.

உடனடி மருந்து கேமராவிலேயே இருக்கிறது. கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன், அதாவது கேமரா போட்ட ஒளிக் கணக்கை நாம் கூட்டவோ குறைக்கவோ உதவுவது. முழுத் தானியங்கி முறையில் பெரும்பாலான கேமராக்கள் இதைத் தொடவிடாது. லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) நாம் வைக்க, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் அப்பர்ச்சர் முன்னுரிமை முறைக்கு வந்துவிடுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளியை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது. பதினெட்டை இருமுறை இரட்டித்தால் எழுபத்திரண்டு. வெள்ளைத் துணிக்கு அருகில் வந்துவிட்டோம். ஆகவே வேட்டி சட்டகத்தை நிறைக்கும்போது +1.5 முதல் +2 வரை ஏற்ற வேண்டும். கருங்கல் நிறைக்கும்போது −1 அல்லது அதற்குச் சற்று மேல் இறக்க வேண்டும். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை என்பது முதலில் தலைகீழாகத்தான் தோன்றும். வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பல கேமராக்கள் அணைத்துப் போட்டாலும் அந்த எண்ணை மறப்பதில்லை, மறுநாள் எடுக்கும் படங்களெல்லாம் வெளிறிக் கிடக்கும்.

ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் இப்படிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பதைவிட நான் பரிந்துரைப்பது உள்ளங்கை முறை. தோலின் நிறம் ஆளுக்கு ஆள் மாறினாலும் உள்ளங்கையின் வெளிர்மை அவ்வளவாக மாறுவதில்லை. நடுச்சாம்பலைவிட அது ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சம். அப்பா முகத்தின் மேல் படும் அதே ஒளியில் உங்கள் உள்ளங்கையை நீட்டிச் சட்டகத்தை நிரப்புங்கள். படம் எடுக்க வேண்டாம், அளவை மட்டும் பாருங்கள். அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 800 வைத்திருக்கையில் கேமரா 1/250 வினாடி ஷட்டர் நேரம் கேட்கிறது என்று கொள்வோம். எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் முறைக்கு மாறி, அதே அப்பர்ச்சர், அதே ஐஎஸ்ஓவில் ஷட்டரை 1/125 ஆக்குங்கள். அவ்வளவுதான். இனி அப்பாவிடம் நெருங்கிப் போனாலும் விலகி வந்தாலும் அளவு மாறாது, ஏனென்றால் அவர்மேல் விழும் வெளிச்சம் மாறவில்லை. மேகம் மறைத்தாலோ அவர் வேறிடத்துக்கு நகர்ந்தாலோ மறுபடி கையை நீட்டினால் போதும். ஒரு எச்சரிக்கை: தானியங்கி ஐஎஸ்ஓவை அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் மேனுவல் முறையிலும் கேமரா பின்வாசல் வழியாக அளவை மாற்றிக்கொண்டே இருக்கும்.

எந்தப் பொருள் எந்தச் சாம்பலில் விழ வேண்டும் என்பதைக் கேமராவிடம் விடாமல் எடுப்பவரே முடிவுசெய்வது புதிய யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரை மண்டலங்களாகப் பிரிக்கும் ஸோன் முறை முழுக்க இதுதான். அதில் நடுச்சாம்பல் ஐந்தாம் மண்டலம். நெசவும் மடிப்பும் தெரியும் வெள்ளை ஏழு, எட்டு. ஃபிலிம் காலத்துச் சமாசாரம் என்று பலர் ஒதுக்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எடுத்த பின் திரையில் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வெயிலில் அந்தத் திரை பொய் சொல்லும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம் அது. வேட்டிக்குரிய மேடு வலது ஓரத்தை நெருங்கி நிற்க வேண்டும். சுவரில் முட்டி ஏறக் கூடாது. எரிந்த இடங்கள் மினுக்கிக் காட்டும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். வேட்டி மடிப்பில் மினுக்கினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்து இன்னொன்று எடுங்கள். பின்னணியில் வெயில் விழும் தரை மினுக்கினால் கவலை வேண்டாம், அது போகட்டும்.

இதையெல்லாம்விட மலிவான வைத்தியம், அப்பாவை இடம் மாற்றி நிறுத்துவது. கூரையுள்ள திருச்சுற்றில் நின்று, முகத்தைத் திறந்த வெளி பக்கம் திருப்பச் சொல்லுங்கள். முற்றத்தின் ஒளி பக்கவாட்டில் மென்மையாக முகத்தில் படும், பின்னால் தூண்கள் தாமாகவே இருளில் அமிழும். வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் எந்தக் கணக்கும் முழுதாகக் காப்பாற்றாது. படம் எடுக்க அனுமதி உண்டா, எந்த இடம் வரை என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

இனி அந்தப் புள்ளிகள். இருட்டில் விழுந்த முகத்தில், ஒளியைப் பதியும் சென்சாருக்குக் கிடைத்த ஒளியே கொஞ்சம். கணினியில் தூக்கும்போது அந்தக் கொஞ்சத்தோடு அதிலிருந்த குறைகளும் சேர்ந்து பெரிதாகின்றன. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பாக நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பில், அது 14 பிட் என்றால், 16,384. ராவில் எடுத்தால் இழுக்க இடம் இருக்கும். அதற்காக இருட்டாக எடுக்கலாம் என்று பொருளில்லை. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் புள்ளி வரும் என்று பயந்து 400-இல் இருட்டாக எடுப்பவர்கள் அதிகம். 1600-இல் சரியாக எடுத்த படம், 400-இல் எடுத்துக் கணினியில் இரண்டு ஸ்டாப் தூக்கிய படத்தைவிட மோசமாக இருக்காது, பெரும்பாலும் மேலாகவே இருக்கும்.

திருத்துவதற்கு லைட்ரூம் மென்பொருள்தான் வேண்டும் என்றில்லை. டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவசம். முதலில் மொத்த வெளிச்சத்தை முகத்துக்கு ஏற்றபடி வையுங்கள். பிறகு மிகை ஒளிப்பகுதிகளை இறக்கி வேட்டி மடிப்பை மீட்டுக்கொள்ளுங்கள். நிழலை லேசாகத் தூக்கினால் போதும். தூண் இருட்டாக இருப்பதில் தவறில்லை, அது கருங்கல்.

வண்ணத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும் வண்ணச் சமநிலை, சரிசெய்ய வெள்ளையான இடத்தைத் தொடச் சொல்லும் சொட்டுக்குழல் கருவி இத்தகைய மென்பொருள்களில் உண்டு. நம் ஆட்கள் உடனே வேட்டியைத் தொடுவார்கள். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி உண்மையில் இளநீலம். அதை வெள்ளை என்று சொன்னால் மென்பொருள் நீலத்தை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்க்கும், அப்பாவின் முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆகிவிடும். நரைத்த தலைமுடியைத் தொட்டுப் பாருங்கள், அல்லது குழலை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தே கண்ணளவில் நகர்த்துங்கள். வேட்டியில் துளி நீலம் மிஞ்சினால் அது உள்ளதுதான்.

கேமராவை மாற்ற வைத்திருக்கும் பணத்தில் செலவழித்தே தீர வேண்டும் என்றால், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். உங்கள் லென்ஸ் 55-இல் திறக்கும் எஃப் 5.6-ஐவிட அது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 50 மில்லிமீட்டர் மலிவு. ஆனால் உங்களுடையது போன்ற கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் சிறியது. அதில் 50 சற்று நெருக்கிக் காட்டும், வீட்டுக்குள் பின்னால் நகர இடம் போதாது. வீட்டுப் படங்கள்தான் அதிகம் என்றால் 35.