கத்தோரி ஷிண்டோ ர்யூ கற்க ஜப்பான் வரும் தம்பிக்கு

தம்பி, வேலை விசாவில் தோக்கியோ வருகிறீர்கள், கத்தோரி ஷிண்டோ ர்யூ வாள்வித்தை கற்க ஆசை, ஊரில் வாங்கிய ஜப்பானிய பாணிக் கட்டானா வாளைப் பெட்டியில் போட்டு வரலாமா, கட்டணம் எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த வாள். தயவுசெய்து வேண்டாம். இங்கே கூர்வாள் வைத்திருக்க மாகாணக் கல்வி வாரியம் தரும் பதிவுச் சீட்டு வேண்டும். அதையும் மரபு முறையில் அடித்த ஜப்பானிய வாளுக்குத்தான் தருவார்கள். அலங்காரத்துக்கு விற்கும் எஃகு வாளோடு சுங்கத்தில் மாட்டினால் புது வேலையே கேள்விக்குறியாகிவிடும். ஆரம்பத்துக்கு மரவாள் போதும். உறையிலிருந்து உருவும் பயிற்சி வரும்போது, கலப்பு உலோகத்தில் செய்த மழுங்கல் வாளை இங்கேயே வாங்கலாம்.

அடுத்தது, இது பணம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும் கராத்தே வகுப்பு அல்ல. 15ஆம் நூற்றாண்டில் ஈசாசா இயெனாவோ தொடங்கிய பள்ளி. தலைமை இன்றும் அந்தக் குடும்பத்தில்தான். 1960-இல் சிபா மாகாணம் இதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. விரலைக் குத்தி ரத்தத்தால் கையொப்பமிட்டுச் சேர்வது மரபு. வித்தையை வெளியாட்களிடம், வீட்டாரிடம்கூட, சொல்வதில்லை என்பது அந்த உறுதிமொழியில் உண்டு. ஆகவே ரீல்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் வேறு பொழுதுபோக்கு பாருங்கள். ஒரு கோடை விடுமுறைக்கு வந்து கும்பிடு போட்டுவிட்டு, ஊர் திரும்பியதும் 'சாமுராய் அகாடமி' பலகை மாட்டும் நம்மவர்களை நினைத்தாலே எனக்கு எரிச்சல்.

சிலம்பம் தெரியும் என்கிறீர்கள். நல்லது, அதை அங்கே சொல்லாதீர்கள். இவர்களுடைய காத்தா, அதாவது முன்பே வகுத்த அசைவுத் தொடர், நீளமானது; இருவர் மரவாளோடு மோதிக்கொண்டே போவார்கள், பார்ப்பவனுக்கே மூச்சு வாங்கும். வெட்டுகள் கவசம் மூடாத இடங்களைத் தேடிப் போகும்: மணிக்கட்டின் உட்புறம், அக்குள், கழுத்து. மூத்தவர் தோற்கிற பக்கம் நின்று உங்களை வளர்ப்பார். நான் சேர்ந்தபோது மரவாளை வலக்கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மூத்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு வார்த்தை பேசாமல் என் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, இடக்கைச் சுண்டுவிரலை மட்டும் அழுத்தினார். அன்று அந்த விரலடியில் வந்த கொப்புளம் இப்போது காய்ப்பாகிவிட்டது. முட்டி மடக்கி உட்காரும் செய்ஸா இன்னொரு பாடு. சம்மணம் போட்டுப் பழகிய கால்கள் அதற்கு உதவவே இல்லை. இப்போது பேச்சு எவ்வளவு நீண்டாலும் அசையமாட்டேன், ஜப்பானிய இளைஞர்கள்தான் நெளிகிறார்கள்.

ஜப்பானிய மொழி படித்துவிட்டு வாருங்கள். தோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி-கசாயில் நம்மவர்கள் நடுவிலேயே வருடக்கணக்கில் குடியிருந்து, நன்றி தவிர வேறு வார்த்தை தெரியாதவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் வழி கேட்காதீர்கள்.

சாப்பாடு, கட்டணம் எல்லாம் சமாளிக்கலாம். பள்ளி இருக்கும் சிபாவுக்குப் போய்வரும் ரயில் செலவுதான் கடிக்கும். வீட்டில் பயிற்சி செய்ய இடம் இருக்காது. நான் பால்கனியில் வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்த போலீஸ்காரர் கெண்டோ என்ற மூங்கில்வாள் விளையாட்டு ஆடுபவர். எந்தப் பள்ளி என்று கேட்டார், கத்தோரி என்றேன். அவ்வளவுதான், அம்மாளை வாசலில் நிற்கவைத்துவிட்டு என்னோடு பேச ஆரம்பித்தார். போகும்போதுதான் நினைவு வந்தவர்போல, இனிமேல் பூங்காவுக்குப் போகச் சொன்னார்.