முதல் வெள்ளித் திருப்பலிக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் சகோதரி. ராயபுரத்தில் கத்தோலிக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்த மகள், வீட்டுச் சாமி படத்தின் முன்னால் சிலுவை அடையாளம் போடுகிறாள், மாமியார் கோபப்படுகிறார், மாதத்தின் முதல் வெள்ளியன்று நடக்கும் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். வடசென்னையில் இப்படிப்பட்ட பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்தவள் நான்.

முதலில் சட்டம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளி எதுவானாலும், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. வேண்டாம் என்றால் ஹெச்.எம். சிஸ்டரிடம் நேரில் சொல்லி, ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள்.

மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் மாமியாருக்கு இருக்கும். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாத பிள்ளைக்கு நன்மை, அதாவது திருப்பலியில் தரும் அப்பம், கொடுக்கச் சபைச் சட்டத்திலேயே இடமில்லை. என் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் வரிசையில் போய்க் கைகளை மார்பில் குறுக்காக வைத்து நிற்பார்கள். ஃபாதர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார், அவ்வளவுதான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பு நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். உங்கள் பள்ளியிலும் அப்படித்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் ஒரு முஸ்லிம் பையன் இருந்தான். காலை ஜெபத்தில் எல்லோரும் கைகூப்ப, அவன் மட்டும் உள்ளங்கைகளை விரித்து ஏந்தி நிற்பான். அவனை நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

மகளைத் திட்டாதீர்கள். ஆறு வயசுக்கு அது பார்த்துப் பழகிய அசைவு. ‘பள்ளியில் அப்படி, வீட்டில் இப்படிக் கும்பிடுவோம்’ என்று மாமியாரையே சொல்லித்தரச் சொல்லுங்கள்.